பின்சக்கரத்துச் சத்தம்

மூன்றாவது முறையாக அந்தச் சிவப்புக் கார் வாசலில் வந்து நின்றபோது தங்கராஜுவுக்கு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சனிக்கிழமை, மணி நான்கரை. காலையிலிருந்து நான்கு வண்டிகளைத் தனியாளாகப் பார்த்து முடித்திருந்தார். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கூட்டாளி அப்துல் மஜீது முழங்கால் அறுவை செய்துகொண்டு ஐந்து வாரமாக வீட்டில் இருந்தார். புக்கிட் மேராவில் தொழிற்பேட்டைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த அந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பை இருவரும் சேர்ந்து பதினெட்டு வருடமாக நடத்துகிறார்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்தான் கல்லாவுக்கும், தொலைபேசிக்கும், வண்டிக்கு அடியில் படுப்பதற்கும்.

காரிலிருந்து இறங்கிய சுரேந்தருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர். சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம்தான் இந்தக் காரை இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, சக்கரத்துக்குள்ளே மஞ்சள் வண்ணமடித்த பெரிய பிரேக். பந்தயத் தடத்தில் ஓட வேண்டிய வண்டி, பாவம், ஆபீசுக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, சத்தம் அப்படியேதாங்க இருக்கு" என்றார் சுரேந்தர். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

முதல் முறை வந்தபோது தங்கராஜு முன்சக்கரங்களைக் கழற்றி பிரேக்கில் படிந்திருந்த கரித்தூளை ஊதித் துடைத்து, பிரேக் பேடுகளின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். இரண்டாம் முறை முன்பேடுகளையே புதிதாக மாற்றினார். இரண்டு முறையும் கட்டடத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு சத்தமும் இல்லை. இப்படிப்பட்ட வண்டி வாங்குகிறவர்கள் காற்றடித்தால்கூடக் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதைச் சொல்லவில்லை.

"ஓட்டிப் பார்த்தேனே சார். ஒண்ணும் இல்லையே."

"இங்கே வெறும் ரோட்டுல ஓட்டினா வராதுங்க. தேக்கா கடைத்தெருவுல, கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து போறப்போதான் வருது. என் வீடு அந்தப் பக்கம்தான், பேரர் பார்க். நீங்களே ஏறி உக்காந்து கேளுங்கண்ணா. இன்னிக்கு விடமாட்டேன்."

தங்கராஜு கையைக் கழுவிவிட்டு இரும்புக் கதவை இறக்கிப் பூட்டினார். வேண்டாம் என்று சொல்லி வாதாடத் தெம்பில்லை. அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்வதற்குள் இடுப்பு ஒருமுறை சுருக்கென்றது.

வழியெல்லாம் சுரேந்தர் பேசிக்கொண்டு வந்தார். இன்ஜினின் உறுமலுக்கு நடுவே பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. தங்கராஜு தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். செராங்கூன் சாலைக்குள் திரும்பியதும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வார இறுதிக் கூட்டம். சம்பள நாளை ஒட்டிய சனிக்கிழமை வேறு. நடைபாதை கொள்ளாமல் ஆட்கள் சாலையோரத்திலும் நடந்தார்கள். சுரேந்தர் கண்ணாடிகளை இறக்கினார்.

"இப்போ கேளுங்க."

கார் நாலடி நகர்ந்தது, நின்றது.

"கேட்டுச்சுங்களா?"

"இல்லையே சார்."

சுரேந்தர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடி நகர்த்தினார், மறுபடி காலை அழுத்தினார். "இதோ. இதுதான்."

தங்கராஜுவுக்கு இன்ஜின் கேட்டது. பக்கத்து லாரியின் கடகடப்பு கேட்டது. எங்கேயோ கடையில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள், அதுவும் கேட்டது. அவ்வளவுதான். அவர் வெளியே திரும்பிப் பார்த்தார்.

தேங்காய்ப் பையோடு சாலையைக் கடக்க நின்ற ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு இந்தக் காரையே பார்த்தாள். நீலச்சட்டைக்காரன் ஒருவன் போனில் பேசிக்கொண்டிருந்தவன், மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். பூக்கடையில் சரம் தொடுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கார் நின்றதும் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

மறுபடி கார் நகர்ந்தது. தங்கராஜு இப்போது சுரேந்தரின் காலையே பார்த்தார். கால் பிரேக்கில் இறங்கியது. உடனே வெளியே பார்த்தார். தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டது. சாலையோரம் நின்ற இரண்டு வேலையாட்கள் காரின் சக்கரத்தைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

கால் இறங்கும்போதெல்லாம் அத்தனை முகங்களும் ஒன்றுபோலத் திரும்பின. தெருவுக்கே கேட்கிறது. தன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை.

சுரேந்தர் தன் போனை எடுத்து நீட்டினார். சத்தத்தை அளந்து காட்டும் ஏதோ ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. "நான் இன்ஜினியருங்க. சும்மா சொல்லலை. பாருங்க, ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல, கீச்சுன்னு நிக்குது." அவர் பிரேக்கை அழுத்த, திரையில் ஒரு கோடு ஈட்டி மாதிரி எழும்பி நின்றது. காலை எடுக்க, விழுந்தது. தங்கராஜு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழும்பும்போது காதுக்குள்ளே வெறும் பஞ்சு.

"இப்பவாவது கேக்குதுங்களா?"

"ஆமா சார்" என்றார் தங்கராஜு. "கேக்குது. கேக்குது."

"அப்பாடா!" சுரேந்தர் இருக்கையில் சாய்ந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கத் தங்கராஜுவுக்குக் கூசியது. "ரெண்டு வாரமா எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க, நமக்குத்தான் மூளை கெட்டுப்போச்சோன்னு."

"திங்கட்கிழமை காலையில கொண்டாங்க. மறுநாள் சாயங்காலம் வாங்கிக்கலாம். நான் இங்கேயே இறங்கிக்கிறேன்."

அவர் தேக்கா மார்க்கெட் பக்கம் நடந்தார். எதையும் வாங்க வேண்டியதில்லை. உடனே வீட்டுக்குப் போக மனமில்லை, அவ்வளவுதான். மரங்களில் மைனாக்கள் அடையும் நேரம். கிளையெல்லாம் கறுப்பாக இருந்தது. அவற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நூற்றுக்கணக்கான அலகுகள் திறந்து மூடின. மார்க்கெட்டில் இந்த நேரத்துக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். அவருக்கு எங்கேயோ மண் சரிவது மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. எப்போதிலிருந்து இப்படி? மைனாக்களின் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார். நினைவில்லை. ஒரு சத்தம் நின்றுபோன நாளை யார்தான் குறித்துவைத்துக்கொள்வார்கள்?

பஸ் பிடித்து புக்கிட் மேரா வந்து ஒன்பதாவது மாடிக்கு ஏறினார். மனைவி சரசு அடுப்படியில் நின்றிருந்தாள். குக்கரின் தலையில் குண்டு ஆடி ஆவி பீறிட்டதைத் தங்கராஜு வாசலிலிருந்தே பார்த்தார். ஆவிதான் தெரிந்தது.

"விசில் வந்துச்சா?" என்று கேட்டார்.

சரசு திரும்பி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "இப்பத்தானே வந்துச்சு. மூணாவது."

அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "சரசு, நான் கூடத்துல போய் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன். நீ இங்கேயிருந்தே ஏதாவது சொல்லு. எப்பவும் பேசுற மாதிரி சொல்லு. கத்தக்கூடாது."

"எதுக்கு?"

"சொல்லேன்."

சோபாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. கீழே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அவள் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று திரும்பினால், சரசு அவருக்குப் பின்னாலேயே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"ரெண்டு வருஷமா என்ன சொல்றேனோ அதைத்தான். காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு."

சரசு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அலுப்புதான். காலையில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை, சாயங்காலம் வீட்டு வேலை.

"நீ இப்பெல்லாம் ஏன் பேசுறதில்லைன்னு நெனச்சிருக்கேன்" என்றார் அவர். "அனு கல்யாணமாகிப் போனதுலேருந்து உனக்கு மனசு சரியில்லையாக்கும்னு..."

"அனு போனதுக்கும் இதுக்கும் என்ன? ஒண்ணை மூணு தடவை சொல்லணும் உங்ககிட்ட. மூணாவது தடவை சத்தமாச் சொன்னா, ஏன் கத்துறேன்னு கோவிச்சுப்பீங்க. அப்புறம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அலுத்துப்போச்சுங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை. அது இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சரசு அவருக்கு நேர் எதிரே, முகம் தெரியும்படி உட்கார்ந்து, "ரசம் போடவா?" என்று கேட்டாள். அவள் இவ்வளவு நாளும் இப்படி எதிரே வந்து நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை மஜீது ஊன்றுகோலோடு வந்தார். ஐந்து வாரத்தில் தொந்தி கொஞ்சம் கூடியிருந்தது. சுரேந்தர் சொன்னபடி எட்டு மணிக்கே காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ரயிலேறிப் போயிருந்தார். மஜீது காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அழகான சாமான்லா" என்றார்.

"பாய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் தங்கராஜு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எப்படிச் சொல்வது என்று கூட்டிவைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "எனக்குக் காது போச்சு. இந்தக் கார் கத்துது. தேக்காவே திரும்பிப் பார்க்குது. எனக்குக் கேக்கலை."

மஜீது காரின் மேல்தகட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் ராஜு."

"என்ன தெரியும்?"

"ஒரு வருஷத்துக்கு மேலேயே தெரியும். பெல்ட் கத்துற வண்டியை நல்லாயிருக்குன்னு சாவியைக் கொடுப்பே. நான்தான் அப்புறம் பார்த்து மாட்டுவேன். நீ முடிச்ச வண்டியெல்லாம் நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கஸ்டமர்கிட்ட கொடுக்கிறது."

"எப்போ ஓட்டினே? நான் பார்த்ததே இல்லையே."

"கோப்பி வாங்கப் போறேன்னு போவேனே. முக்குக் கடைக்குப் போய் கோப்பி வாங்க எதுக்கு கஸ்டமர் காரை எடுத்துட்டுப் போறேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

தங்கராஜு கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தார். "வீட்டுல சரசு. இங்கே நீ. எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்னைச் சுத்திச் சுத்தி வந்திருக்கீங்க. என் முகத்துக்கு நேரா சொல்றதுக்கு என்ன? நானென்ன சின்னப்பிள்ளையா? அந்த ஆளு மூணு தடவை அலைஞ்சிருக்கான். நான் அவனைப் பைத்தியக்காரன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

மஜீது பழைய டயர் அடுக்கின்மேல் மெதுவாக உட்கார்ந்து கட்டுப்போட்ட இடது முழங்காலை நீட்டினார்.

"பயம்தான் ராஜு. வேற ஒண்ணுமில்லை. சொன்னா நீ போதும்னு நிறுத்திடுவே. உன் குணம் எனக்குத் தெரியும். நீ நிறுத்திட்டா நான் என்ன பண்றது? இந்த முட்டியை வச்சுக்கிட்டு என்னால குனியவே முடியாது. உனக்காகன்னு சொல்லமாட்டேன். எனக்காகத்தான் சொல்லலை."

கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோய், பழைய அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கராஜு குனிந்து துணியை எடுத்து உதறினார்.

"ஓட்ட முடியுமா உன்னால?"

"இடது முட்டிதானே. ஆட்டோ கியருக்கு வலது கால் போதும். டாக்டரும் ஓட்டலாம்னுட்டாரு."

மஜீது காரை எடுத்துக்கொண்டு போனார். கட்டடத்தைச் சுற்றி, பின்பக்கத்து வண்டி நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறி இறங்கி, பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"பின்னாடி. இடது பக்கம். இறக்கத்துல நல்லாக் கத்துது."

தங்கராஜு முன்சக்கரங்களை இரண்டு முறை கழற்றி மாட்டியிருந்தார். சத்தமென்றால் பெரும்பாலும் முன்பக்கம்தான், அங்கேதான் வேலை அதிகம், அதனால் அங்கேயே பார்த்தார். சனிக்கிழமை அவர் உட்கார்ந்திருந்தது இடது பக்கத்து இருக்கையில். அந்தச் சக்கரம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் கத்திக்கொண்டு வந்திருக்கிறது.

காரை உயரத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பூட்டுக் கம்பிகளைத் தட்டி எடுத்து, உள்பக்கத்துப் பேடை இழுத்தார். வரவில்லை. அசைத்து அசைத்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பேடின் முதுகில் அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லை. பழைய பசையின் கறைதான் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் எவரோ, எங்கேயோ பேடை மாற்றும்போது தகட்டை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். பேடு உட்காரும் இடத்தில் துருவும் கரியும் சேர்ந்து இறுகி, அதைக் கோணலாகப் பிடித்துவைத்திருந்தது. பேடின் உரசும் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பாய், இங்கே வா" என்று கூப்பிட்டுக் காட்டினார். மஜீது ஊன்றுகோலில் சாய்ந்து எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் வேலை ஓடியது. கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, மெல்லிய அரத்தால் இழைத்து, பேடு கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தார். புதுத் தகடுகளும் பேடுகளும் வரவழைத்து இரண்டு பக்கமும் மாட்டினார். இரும்போடு இரும்பு தொடும் இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவினார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் முகத்தை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தார். விரல் நுனியால் அதன் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். விரலுக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு மயிரிழை மேடுகூடத் தெரிந்தது. அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் மனசு லேசாகவில்லை.

புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பழக வேண்டும். அதற்கு நீளமான, ஆளில்லாத சாலை வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் கம்பெனி பஸ்களெல்லாம் போய் ஓய்ந்த பிறகு இருவரும் ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் போனார்கள். தங்கராஜு ஓட்டினார். மஜீது பக்கத்தில். அறுபதுக்கு ஏற்றி, பிரேக்கை ஒரே சீராக அழுத்திப் பத்துக்கு இறக்கி, முழுக்க நிறுத்தாமல் மறுபடி ஏற்ற வேண்டும். பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும்.

ஆறவிடும்போது கப்பல் பட்டறைகளின் பக்கம் சாலை திரும்பியது. இருபது வயதிலிருந்து தங்கராஜு அங்கே ஆறு வருடம் இருந்தார். கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கி இரும்பைத் தேய்க்கிற வேலை. நாலு பக்கமும் இரும்பு, நடுவில் பத்து மெஷின்கள். காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். வியர்வையில் பஞ்சு நனைந்து விழுந்துவிடும், யாரும் மறுபடி வைப்பதில்லை. அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருடம் காற்றுத் துப்பாக்கியால் நட்டு கழற்றியது. ஒரே நாளில் போனதல்ல, கேட்டுக் கேட்டே தேய்ந்துபோனது.

"இங்கேதான் போட்டேன்" என்றார் வேலியைக் காட்டி.

"எதை?"

"காதை."

மஜீது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தங்கராஜு காரை ஊரவிட்டார். நகர்த்தி நிறுத்தி, நகர்த்தி நிறுத்தி, பஸ் நிறுத்தம் வரை போனார். மஜீது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார்.

"இருக்கா?"

"இல்லை."

"நல்லாக் கேட்டியா?"

"இல்லைன்னா இல்லைலா. சுத்தமா இல்லை."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த காவலாளி தலையைத் தூக்கவே இல்லை. தங்கராஜு அதையும் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சுரேந்தர் வந்தார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் தங்கராஜு, "சார், ஒரு விஷயம்" என்றார். மஜீது கல்லாவிலிருந்து, வேண்டாம் என்கிற மாதிரி பார்த்தார். தங்கராஜு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சனிக்கிழமை கேக்குதுன்னு சொன்னேனே, அது பொய். எனக்குக் கேக்கலை. அந்தச் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. முன்னாடி ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லைன்னு உங்களை அனுப்பிட்டேன். உங்க மேல தப்பில்லை. இப்போ இவர்தான் கேட்டுச் சொன்னாரு, நான் சரி பண்ணியிருக்கேன்."

சுரேந்தர் சாவியை வாங்காமலே நின்றார். முகத்தில் பல மாதிரி ஓடியது.

"நீங்க என்னை ஏமாத்துறீங்கன்னு நெனச்சேங்க" என்றார் கடைசியில். "ரெண்டு தடவை லீவு போட்டுட்டு வந்தேன். வீட்டுல வேற, இந்த வண்டி வேணுமான்னு தினமும் பேச்சு." கொஞ்சம் நிறுத்தி, "பிரேக்கு பிடிக்குமில்லீங்களா? அதுல பயமில்லையே?" என்று கேட்டார்.

"பிடிக்கும் சார். அதைக் கேக்க வேண்டாம், கையால பார்த்தேன். என் பிள்ளையை உக்காரவச்சு ஓட்டுவேன்."

சுரேந்தர் ஒரு சுற்று போய்வந்தார். இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, "சத்தம் இல்லைங்கண்ணா" என்றார். பிறகு கொஞ்சம் உரக்க, வாயை நன்றாகத் திறந்து, அதையே மறுபடி சொன்னார். முதல் முறையே கேட்டுவிட்டது என்று தங்கராஜு சொல்லவில்லை. கார் போன பிறகு மஜீது, "இனிமே வரமாட்டான்" என்றார். அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த சர்வீசுக்குச் சுரேந்தர் வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கராஜு அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தானும் அப்படித்தான் செய்திருப்பார்.

அரசு பாலிகிளினிக்கில் எழுதிக்கொடுத்து, மருத்துவமனையில் காதுப் பரிசோதனைக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதமானது. சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் கை அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தங்கராஜு அழுத்தினார். பரீட்சையில் தோற்கக்கூடாது என்கிற புத்தி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

அந்தப் பெண் படம் வரைந்த தாளைக் காட்டினாள். கனத்த சத்தங்களுக்குக் கோடு பாதி தூரம் மட்டமாக வந்து, பிறகு கீச்சுச் சத்தங்களுக்கு மலைச்சரிவு மாதிரி இறங்கியிருந்தது. போனது வராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். சரசு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

காது கேட்க உதவும் கருவி வந்த முதல் வாரம் பெரும்பாடு. குழாய்த் தண்ணீர் கண்ணாடி உடைவது மாதிரி விழுந்தது. பிளாஸ்டிக் பையைத் தொட்டால் தூக்கிவாரிப்போட்டது. தன் செருப்பே தன்னைத் துரத்திக்கொண்டு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. அங்கே போனதும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பெரிய காதடைப்பானை மாட்டிக்கொள்வார். வண்டியை ஓட்டிப் பார்ப்பது இனி மஜீதின் வேலை என்று வெளிப்படையாகவே வைத்துக்கொண்டார்கள். சில வாடிக்கையாளர்கள் தயங்கினார்கள். சிலர் ஒன்றும் நினைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தலை விண்ணென்று வலித்தது. நாள் முழுக்கக் குனிந்த வலியும் சேர்ந்துகொண்டது. சரசு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏதாவது பேசேன்" என்றார்.

"என்ன பேச?"

"ஏதாவது."

அவள் யோசித்தாள். கீரைத் தண்டு ஒவ்வொன்றாக ஒடிந்தது. "பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள். "வலிச்சா கழட்டிடுங்க. பரவாயில்லை."

"இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஆய்ந்தார்கள். பிறகு சரசு திரும்பாமலே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள்.

"மூணாவது மாடி சிவகாமசுந்தரி அக்கா வீடு மாறிப் போறாங்களாம்."

"எங்கே?"

"தெம்பனிஸ்."

"அவ்வளவு தூரமா? ஏன்?"

"அது ஒரு பெரிய கதை" என்றாள் சரசு. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொல்லத் தொடங்கினாள்.